சின்ன விமானம், ஒரு பருந்து, நம்ம தெருக் குப்பை



இந்த உரையை நீங்க பெரும்பாலும் செல்போனில்தான் வாசிச்சுக்கிட்டு இருப்பீங்க. அதனால் முதலில் கையில் இருக்கிற போனிலேயே ஒரு சின்ன வேலை. மேப் செயலியைத் திறந்து, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் விமான நிலையத்தைத் தேடுங்கள். அதன் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஒரு குறி விழும். கீழே வரும் விவரங்களில் தூரத்தை அளக்கும் வசதி ஒன்று இருக்கும். அங்கிருந்து உங்கள் தெருவரை அளந்து பாருங்கள். 10 கிலோமீட்டருக்குள் வருகிறதா? அப்படியென்றால் இன்று பேசப்போவது நேரடியாக உங்களைப் பற்றி. வராவிட்டாலும் வாசியுங்கள். பறவைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது.

விஷயம் என்னவென்றால், பறவை மோதும் விமானங்கள். அதிலும் குறிப்பாகச் சின்ன விமானங்கள். நாலு பேர், ஆறு பேர் உட்காரும் தனியார் விமானங்கள், பைலட் ஆகப் படிக்கிறவர்கள் ஓட்டும் பயிற்சி விமானங்கள், வாடகை ஹெலிகாப்டர்கள். பெரிய பயணிகள் விமானத்தில் பறவை மோதினால் உடனே டி.வி.யில் பிரேக்கிங் நியூஸ் வரும். சின்ன விமானத்தில் மோதினால் பல நேரம் உள்ளூர்ச் செய்தியோடு முடிந்துவிடும். ஆனால் உயிருக்கு ஆபத்து எங்கே அதிகம் என்று கேட்டால், சின்ன விமானத்தில்தான்.

பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். 2023 மே 2. கர்நாடகத்தில் சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம். காங்கிரஸ் தலைவர் டி.கே.சிவகுமார் பெங்களூருவிலிருந்து கோலார் மாவட்டத்து முல்பாகலுக்கு ஹெலிகாப்டரில் கிளம்பினார். ஹொசகோட்டை அருகே ஒரு பெரிய பறவை நேராக வந்து மோதியது. முன்பக்கக் கண்ணாடி உடைந்து நொறுங்கியது. பைலட் ஹெலிகாப்டரைத் திருப்பி, ஹெச்.ஏ.எல். விமான நிலையத்தில் பத்திரமாக இறக்கினார். சிவகுமாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி போன இடத்தின் படம் அன்று எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றியது, உங்களுக்கும் வந்திருக்கலாம். மோதியது கழுகு என்று செய்திகள் சொன்னன. நம்ம ஊரில் பருந்தைப் பார்த்தாலும் கழுகு என்றுதான் சொல்வோம் என்பதால், அந்தப் பெயரை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு பறவைக்கு அவ்வளவு பலமா என்று தோன்றும். கல்லு மாதிரியா இருக்கு அது? சதையும் இறகும்தானே? இதற்குக் கணக்குதான் பதில்.

மோதலின் பலம் பறவையின் எடையைப் பொறுத்தது. அதைவிட அதிகமாக வேகத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தாக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரம்தான், வேறொன்றும் இல்லை. ஒரு கிலோ எடையுள்ள பறவை ஒன்றின் மீது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சின்ன விமானம் மோதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவை அந்தரத்தில் சும்மா நின்றிருந்தாலே போதும், அந்த மோதலின் ஆற்றல் சுமார் 1,500 ஜூல். புரிகிற மாதிரி சொன்னால், 10 கிலோ அரிசி மூட்டையை ஐந்தாவது மாடியிலிருந்து கீழே போட்டால் தரையில் விழும்போது இருக்கிற ஆற்றல். அது ஒரு கையளவு இடத்தில், பைலட்டின் முகத்துக்கு நேரே இருக்கும் கண்ணாடியில் விழுகிறது.

கண்ணாடி என்று சொன்னேன். பல சின்ன விமானங்களில் அது கண்ணாடியே கிடையாது. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு. பெரிய ஜெட் விமானங்களின் முன்பக்கம் பல அடுக்காக ஒட்டிய கனமான கண்ணாடி. அதை விற்பனைக்கு விடும் முன் சோதிப்பார்கள். அமெரிக்க விதிப்படி, 4 பவுண்ட், அதாவது சுமார் 1.8 கிலோ எடையுள்ள பறவை பறக்கும் வேகத்தில் வந்து மோதினாலும் அது உடைந்து உள்ளே வரக் கூடாது. வால் பகுதிக்கு 8 பவுண்ட். இதற்காகக் காற்றழுத்தப் பீரங்கியில் செத்த கோழியை வைத்துச் சுடுவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் உலகம் முழுக்க இப்படித்தான் சோதிக்கிறார்கள். சின்ன விமானங்களுக்கு வந்தால் கதை மாறுகிறது. அந்த வகையிலேயே பெரியவற்றின் முன்கண்ணாடிக்கு மட்டும் 2 பவுண்ட் பறவைச் சோதனை கேட்கிறார்கள். நாலு பேர் உட்காரும் சாதாரண ஒற்றை என்ஜின் விமானத்துக்கு அதுவும் இல்லை. ஹெலிகாப்டரிலும் இதே கதைதான்: பெரியதற்கு ஒரு கிலோ பறவைச் சோதனை, சின்னதற்கு இல்லை.

இது ஏதோ தப்பு நடந்து விட்டுப்போனது இல்லை. அவ்வளவு கனமான கண்ணாடியைப் போட்டால் சின்ன விமானம் தூக்கும் எடையில் பாதி அதற்கே போய்விடும் போலிருக்கும். மெதுவாகப் பறப்பதால் தாக்கமும் குறைவு என்ற எண்ணமும் உண்டு. எனக்கு அந்தச் சமாதானம் முழுசாகப் பிடிபடவில்லை. மெதுவாகப் பறப்பது உண்மைதான், ஆனால் அது பறவைகள் பறக்கும் உயரத்திலேயே பறக்கிறது. பயணிகள் விமானம் புறப்பட்ட சில நிமிடங்களில் பறவைகளைத் தாண்டி மேலே போய்விடும். பறவை மோதல்களில் பெரும்பாலானவை 3,000 அடிக்குக் கீழேதான் நடக்கின்றன. சின்ன விமானமும் ஹெலிகாப்டரும் தங்கள் பயணத்தின் பெரும்பகுதியை அந்த உயரத்திலேயே கழிக்கின்றன.

இந்தப் பிரச்சினைக்கு விமானத்தின் வயசுதான். ரைட் சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் ரைட் 1905-லேயே பறவை ஒன்றின் மீது மோதியதைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் பறவைக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போனார் என்பது வேறு விஷயம். பறவை மோதியதால் இறந்தவர் என்று பதிவான முதல் ஆள் கால்பிரெய்த் ராட்ஜர்ஸ். அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு முதன்முதலில் விமானத்தில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான், 1911-இல். அடுத்த வருடம், 1912 ஏப்ரல் 3, கலிபோர்னியாவின் லாங் பீச் கடற்கரையில் ஒரு கடற்புறா அவருடைய விமானத்தின் இயக்கக் கம்பிகளில் சிக்கிக்கொண்டது. விமானம் கடலோரத்தில் விழுந்தது.

அதற்கு 95 வருடம் கழித்து நடந்ததைக் கேளுங்கள். 2007 அக்டோபர் 23, இரவு. மினசோட்டா மாநிலத்தில் ஒரு பயிற்சி விமானம். இரட்டை என்ஜின் கொண்ட பைப்பர் செமினோல், உள்ளே பயிற்றுநரும் மாணவரும். நேராகப் போய்க்கொண்டிருந்த விமானம் திடீரென்று கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. இருவரும் இறந்தார்கள். விசாரித்தபோது தெரிந்தது, கனடா வாத்து ஒன்றோ பலவோ வாலின் இடப்பக்கத்தில் மோதியிருக்கிறது. என்ஜின் நன்றாக இருந்தது, எரிபொருள் இருந்தது, ஓட்டியவருக்கு அனுபவம் இருந்தது. ஆனால் வால் வளைந்துபோனால் விமானத்தை யாராலும் பிடிக்க முடியாது.

அடுத்த வருடமே, 2008 மார்ச் 4, ஓக்லஹோமா நகரில் ஐந்து பேருடன் கிளம்பிய ஒரு சிறிய செஸ்னா ஜெட் விமானம் புறப்பட்ட இரண்டு மூன்று நிமிடங்களில் பெலிகன் கூட்டத்தில் மோதியது. நம்ம வேடந்தாங்கலுக்கு வருமே கூழைக்கடா, அதே இனத்து வெள்ளைப் பறவை. ஒவ்வொன்றும் 5 கிலோவுக்கு மேல். இறக்கை சேதமாகி விமானம் விழுந்தது. ஐந்து பேரும் இறந்தார்கள்.

மோதியது என்ன பறவை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. விமானத்தில் ஒட்டியிருக்கும் ரத்தக்கறையையும் இறகுத் துணுக்கையும் தபாலில் அனுப்பினால், அவர்கள் பறவையின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். 1960-இல் பாஸ்டனில் மைனா வகைப் பறவைக் கூட்டத்தில் சிக்கி ஒரு பயணிகள் விமானம் விழுந்து 62 பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் இறகுகளை அடையாளம் காணத் தொடங்கிய வேலைதான் இன்றும் தொடர்கிறது. பெயர் தெரிந்தால்தான் அந்தப் பறவை அங்கே ஏன் வந்தது, எதைத் தின்ன வந்தது என்று தேட முடியும்.

அந்தக் கேள்விதான் நமக்கு முக்கியம். அதற்கு முன் பைலட் என்ன செய்வார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிரே பறவை தெரிந்தால், முடிந்தால் மேலே ஏறப் பார்ப்பார்; ஆபத்து என்று பயந்த பறவை பெரும்பாலும் கீழே பாயும் என்பது அனுபவம். பகலிலும் முன்விளக்கை எரியவிடுவார். கண்ணாடி உடைந்தால் காற்று முகத்தில் அறையும், ரேடியோவில் யார் பேசுவதும் கேட்காது, கண்ணைத் திறக்க முடியாது. அப்போதும் முதல் வேலை விமானத்தை ஓட்டுவதுதான், மற்றதெல்லாம் பிறகு. வேகத்தைக் குறைத்தால் காற்றின் அடியும் குறையும். இவ்வளவுதான் அவர் கையில் இருப்பது. பல மோதல்களில் பறவையைப் பார்ப்பதற்கும் மோதுவதற்கும் இடையே ஒரு விநாடிகூடக் கிடைப்பதில்லை. ஆக, மேலே இருப்பவர் செய்யக்கூடியது கொஞ்சம். கீழே இருக்கிற நாம் செய்யக்கூடியது அதைவிட அதிகம்.

ஏனென்றால் பறவை வானத்தில் சும்மா சுற்றுவதில்லை. சாப்பாட்டுக்காகச் சுற்றுகிறது. நம்ம ஊர் விமான நிலையங்களில் அடிக்கடி தொல்லை கொடுப்பவை கரும்பருந்து, ஆட்காட்டி, கொக்கு, புறா. ஆட்காட்டி புல்தரையில் முட்டை இடும், அதை விமான நிலையமே புல்லை வெட்டிப் பார்த்துக்கொள்ளும். மழை விட்டதும் ஈசல் கிளம்பினால் அதைத் தின்னக் கூட்டம் சேரும், அதற்கும் விமான நிலையத்தில் ஆட்கள் உண்டு. பருந்து அப்படி இல்லை. வெயில் ஏறியதும் தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்றைப் பிடித்துக்கொண்டு, இறக்கையே அடிக்காமல் வட்டமிட்டு ஏறும். ஹெலிகாப்டர் பறக்கும் உயரத்தில் மணிக்கணக்கில் மிதக்கும். அங்கிருந்தே கீழே எங்கே கோழிக்குடல் கிடக்கிறது என்று பார்த்துவிடும். மதியம் கறிக்கடை மூடியபின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், மேலே எத்தனை பருந்து சுற்றுகிறது என்று எண்ணிவிடலாம்.

குப்பைக்கும் விமானத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பு 1973-லேயே ரத்தத்தில் எழுதப்பட்டது. பிப்ரவரி 26, அட்லாண்டா அருகே டீகால்ப் பீச்ட்ரீ என்ற சிறிய விமான நிலையம். தனியார் விமானங்கள் வந்துபோகும் இடம். அதன் அருகிலேயே நகராட்சிக் குப்பைமேடு. குப்பையைத் தேடி ஆயிரக்கணக்கில் குருவிகள். அன்று மயாமிக்குக் கிளம்பிய ஒரு லியர்ஜெட் விமானம் புறப்படும்போதே குருவிக் கூட்டத்தில் புகுந்தது. என்ஜின்கள் பறவைகளை உள்ளிழுத்துச் சக்தி இழந்தன. விமானத்தில் இருந்த 7 பேரும் இறந்தார்கள், தரையில் ஒருவர் படுகாயமடைந்தார். விசாரணை அறிக்கை பறவைகளை மட்டும் குறை சொல்லவில்லை. பறவை அபாயம் இருப்பது விமான நிலையத்துக்கு முன்பே தெரியும், சரிசெய்வதாகச் சொல்லியும் செய்யவில்லை என்று எழுதியது. இதில் மோதியவை கைக்குள் அடங்கும் சின்னக் குருவிகள் என்பதைக் கவனியுங்கள். பறவை பெரிசாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கூட்டமாக இருந்தால் போதும்.

நம்ம நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது, ரொம்பப் பேருக்குத் தெரியாது. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 91-ஆவது விதி. விமான தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள், பறவைகளையும் விலங்குகளையும் ஈர்க்கும்படி கால்நடைகளை அறுக்கவோ, தோலுரிக்கவோ, குப்பை, கழிவு, இறைச்சிக்கடை, மீன்கடை, ஓட்டல் கழிவுகளைக் கொட்டவோ கூடாது. முறையான ஏற்பாடு செய்து அனுமதி பெற்றால்தான் விலக்கு. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2024-இல் பாரதீய வாயுயான் சட்டம் வந்து 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மீறினால் சிறைத் தண்டனைவரை போகலாம். உரையின் தொடக்கத்தில் அளக்கச் சொன்ன 10 கிலோமீட்டர் இதுதான்.

2023-இல் பெங்களூருவில் ஏரோ இந்தியா கண்காட்சி நடந்தபோது, எலகங்கா விமானப்படைத் தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி மாநகராட்சி உத்தரவு போட்டது, இதே விதியைச் சொல்லி. சாகச விமானங்கள் பறக்கும் சில வாரங்களுக்கு அது தேவைதான். ஆனால் கறிக்கடைக்காரருடைய பிழைப்பையும் யோசிக்க வேண்டும். கடை இருப்பது பிரச்சினை இல்லை, கழிவு வெளியே கிடப்பதுதான் பிரச்சினை. மூடி போட்ட டிரம்மில் போட்டு அன்றன்றைக்கு வண்டியில் ஏற்றினால், வருடம் முழுக்கக் கடையும் நடக்கும், பருந்தும் வராது.

சென்னையை எடுத்துக்கொண்டால், பெருங்குடி குப்பைக்கிடங்கு மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. பல வருடமாகக் குவிந்த குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணி அங்கே நடந்துவருகிறது. பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். இங்கே சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்: பறவை ஆபத்து என்றால் சதுப்பு நிலத்தையும் மூடிவிடலாமே என்று. கூடாது. சதுப்பு நிலத்துக்கு வரும் வாத்தும் உள்ளானும் எங்கே, எந்த மாதத்தில் இருக்கும் என்பது தெரிந்த விஷயம். அதற்கு ஏற்றபடி பறக்கும் பாதையைத் திட்டமிடலாம். தெருமுனையில் திடீரென்று கொட்டப்படும் மீன் கழிவு எங்கே, எப்போது பருந்தைக் கூட்டும் என்று எந்த வரைபடத்திலும் இருக்காது. சென்னை வான்வெளியில் பயணிகள் விமானம் மட்டும் பறக்கவில்லை. தனியார் சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் மீனம்பாக்கத்துக்கு வருகின்றன; தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி இருக்கிறது.

பறவைகளைச் சுட்டுத் தள்ளினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சட்டம் விடாது என்பது ஒரு பக்கம். சாப்பாடு அங்கேயே கிடந்தால், ஒன்றைச் சுட்ட இடத்துக்கு இன்னொன்று வரும் என்பது மறுபக்கம். விமான நிலையங்களில் வெடிச்சத்தம், ஒலிபெருக்கி எல்லாம் வைத்துப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் பறவைக்குப் பழகிவிடும். கல்யாண வீட்டு வேட்டுச் சத்தத்துக்குக் காக்கா பழகின மாதிரிதான்.

காக்கா என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தினமும் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கிற வழக்கத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. அந்தப் பிடி சோறு இரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும். மொட்டை மாடியில் பருந்துக்குக் கறித்துண்டு வீசி வீடியோ எடுப்பதும், புறாவுக்குத் தானியத்தை மூட்டைக்கணக்கில் கொட்டுவதும் வேறு கதை. விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் அதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்க. அந்த வீடியோவுக்கு லைக் போடுவதையும்தான்.

சரி, உங்க தெருவில் இறைச்சிக் கழிவோ மீன் கழிவோ குவிந்து கிடக்கிறது, மேலே பருந்து வட்டமிடுகிறது. என்ன செய்வது? போட்டோ எடுங்க, கழிவும் தெரியணும், பக்கத்தில் இருக்கிற கடை போர்டோ மின்கம்பமோ தெரியணும். சென்னையில் இருந்தால் 'நம்ம சென்னை' செயலியில் போடலாம், இல்லையென்றால் 1913-க்குப் பேசலாம். மற்ற ஊர்களில் உங்கள் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் சொல்லுங்க. அங்கே அசைவில்லை என்றால் 1100, முதல்வரின் முகவரி உதவி எண். புகாரில் "குப்பை கிடக்கிறது" என்று மட்டும் எழுதாமல், விமான நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்த நேரத்தில் கொட்டுகிறார்கள், என்ன பறவை கூடுகிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்க. அந்த வரி இருந்தால், இது வழக்கமான துப்புரவுப் புகார் மட்டும் இல்லை, விமானப் பாதுகாப்பு விஷயமும் என்பது படிக்கிற அலுவலருக்குத் தெரியும். கொட்டுகிறவரோடு நீங்களே சண்டைக்குப் போக வேண்டாம்.

புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தால் அதை அழிக்காமல் வச்சுக்கோங்க. ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி குவிந்தால், பழைய எண்ணையும் குறிப்பிட்டு இன்னொரு புகார் கொடுங்க.